நாற்பத்து மூன்று வசனம் தெரிந்த நண்டு

பள்ளிமுனையில் பிறின்சியின் தெருவில் யாருக்கும் இடது பக்கம், வலது பக்கம் தேவைப்படுவதில்லை. அங்கே இரண்டு பக்கங்கள்தான் உண்டு. ஒன்று கடல் பக்கம். மற்றது கோயில் பக்கம்.

“பிள்ளை, கோயில் பக்கக் கன்னத்தில சோறு ஒட்டியிருக்கு. துடை” என்பார் பிறின்சியின் அம்மா எடித்.

பிறின்சி யோசிக்காமல் சரியான கன்னத்தைத் துடைப்பாள். அடுத்த நாள் மறுபக்கம் திரும்பி இருந்து சாப்பிட்டால், அதே கன்னம் கடல் பக்கக் கன்னம் ஆகிவிடும். அதிலும் அவளுக்குக் குழப்பம் வந்ததில்லை. பிறந்ததிலிருந்து பதினொரு வருடங்களாக இப்படித்தான்.

ஆகவே தெருமுனை வாசிகசாலையில் வேலை செய்யும் றோபோவும் இப்படியே பழகியதில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

அந்த றோபோவின் பெயர் நண்டு. செய்தது துசாந்தினி அக்கா. கம்பஸில் கணினி படித்துவிட்டு வந்தவள். பின்னேரங்களில் வாசிகசாலையைத் திறந்து, பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பாள். நண்டுக்குக் கவிழ்த்து வைத்த வாளி போல உடம்பு. அடியில் நான்கு சில்லுகள். முன்னால் இரண்டு கொக்கிக் கைகள். முதல் நாள் ஓடவிட்டபோது அது நேரே போகாமல் பக்கவாட்டில் போய்ச் சுவரில் முட்டியது. அன்றைக்கே பெயர் வைத்தாயிற்று.

நண்டின் வேலை பெட்டி இழுப்பது. வாசிகசாலையில் சிறுவர் புத்தகங்கள் எல்லாம் மீன் போடும் பிளாஸ்ரிக் பெட்டிகளில் இருந்தன. கடல் பக்கச் சுவரோரம் மூன்று பெட்டிகள். கோயில் பக்கச் சுவரோரம் மூன்று பெட்டிகள். ஆறும் ஒரே நீலம். நன்றாகக் கழுவித்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் வெயில் ஏறினால் கதைப் புத்தகங்களில் லேசாகச் சூடை மீன் மணக்கும்.

நடுவில் நீளமான மேசை. அதன் இரண்டு பக்கமும் பிள்ளைகள் எதிரெதிராகக் கதிரை போட்டு இருப்பார்கள்.

“நண்டு, கடல் பக்கம் ரெண்டாவது பெட்டியைக் கொண்டு வா!”

நண்டு விர்ரென்று போகும். பெட்டியைக் கொக்கியில் மாட்டி இழுத்து வரும். புத்தகத்தை எடுத்தபின், “கொண்டு போய் வை” என்றால் திரும்பக் கொண்டுபோய் வைக்கும்.

இப்படி நாற்பத்து மூன்று வசனங்கள் நண்டுக்குத் தெரியும். அந்த வசனங்களை யோசித்து எழுதியவள் பிறின்சி. பெரிய மட்டையில் வண்ணப் பேனையால் எழுதி, சுவரில் ஒட்டியும் இருந்தாள். கீழே சிறிய எழுத்தில் ‘எழுதியவர்: பிறின்சி’ என்றும் போட்டிருந்தாள். கொஞ்சம் பெருமைதான்.

வசனம் ஒரு சொல் மாறினாலும் நண்டு தலையை ஆட்டும். “விளங்கேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ” என்று அக்காவின் குரலில் சொல்லும். பள்ளிமுனைப் பிள்ளைகளுக்கு அந்த நாற்பத்து மூன்றும் மனப்பாடம். அதனால் பெரிய வில்லங்கம் வந்ததில்லை.

கிருசாந்தினி வரும்வரை.

கிருசாந்தினிக்கு ஒன்பது வயது. அவளுடைய குடும்பம் மலையகத்திலிருந்து வந்து முருங்கன் பக்கத்தில் குடியேறிய குடும்பம். அப்பாவுக்கு மன்னார் ஐஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால், போன மாதம் பள்ளிமுனையில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை அவள் வாசிகசாலைக்கு வந்து, பிறின்சிக்கு எதிரே இருந்த கதிரையில் நுனியில் இருந்தாள்.

அவளுடைய கண் ஒரு பெட்டியிலேயே இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு புத்தகம் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அட்டையில் ஒரு பச்சைப் பாம்பு.

“நீங்களும் கேளுங்கோவன். நண்டு கொண்டு வரும்” என்றாள் துசாந்தினி அக்கா.

கிருசாந்தினி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“நண்டு... சோத்தாங்கைப் பக்கம் இருக்கிற ரெண்டாவது பொட்டிய கொண்டாங்க.”

“விளங்கேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ” என்றது நண்டு.

“சோத்தாங்கைப் பக்கம்... அந்தப் பொட்டி... கொண்டாங்க.”

“விளங்கேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ.”

பிறின்சிக்குப் பக்கத்தில் இருந்த டிலுக்சன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். “சோத்தாங்கையோ? நண்டுக்குச் சோறு தீத்தப் போறா போல!”

எல்லோரும் சிரித்தார்கள். பிறின்சியும் சிரித்தாள். சிரித்து முடிந்தபிறகுதான் பார்த்தாள், கிருசாந்தினி சிரிக்கவில்லை.

“நண்டுக்கு வலது கை எண்டெல்லாம் தெரியாது. கடல் பக்கம், கோயில் பக்கம் எண்டுதான் சொல்லோணும்” என்றாள் பிறின்சி.

கிருசாந்தினி சுற்றும்முற்றும் பார்த்தாள். ஜன்னல்கள் காற்றுக்குச் சாத்தியிருந்தன. கடல் எந்தப் பக்கம், கோயில் எந்தப் பக்கம்? அவள் வளர்ந்த ஊரில் வயலும் குளமும்தான். அறைக்குள் இருந்துகொண்டு கடலைக் கண்டுபிடிக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

“நண்டு, கோயில் பக்கம் ரெண்டாவது பெட்டியைக் கொண்டு வா” என்று சுவர் மட்டையைப் பார்த்து மெதுவாக வாசித்தாள்.

நண்டு போய்க் கணக்குப் புத்தகப் பெட்டியை இழுத்து வந்தது. டிலுக்சன் கதிரையிலிருந்து விழுந்தே விட்டான்.

“நான் எடுத்துத் தாறன், பிள்ளை” என்று அக்கா எழும்பினாள்.

“வேணாங்க” என்றாள் கிருசாந்தினி. கொஞ்ச நேரம் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினாள். பிறகு போய்விட்டாள். எப்போது போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை.

வாசிகசாலை முடிந்ததும் பிறின்சி அவளுடைய வீட்டுக்குப் போனாள். கிருசாந்தினி வாசலில் இருந்து தங்கச்சிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“ஏன் வரேல்லை?”

“சும்மாதான்.”

“பாம்புப் புத்தகம் அப்பிடியே இருக்கு. ஒருத்தரும் எடுக்கேல்லை.”

கிருசாந்தினி பின்னலை இறுக்கினாள். தங்கச்சி “ஆ!” என்றது.

“நா பேசுறது அதுக்குப் புரியலங்க” என்றாள். “நா பேசுறது பிழையான பேச்சு போல. நா பள்ளிக்கூடத்திலயும் இப்ப பேசுறதில்ல. பேசாம இருந்தா யாரும் சிரிக்க மாட்டாங்கதானே?”

தன்னிலும் சின்னப் பிள்ளை தன்னை ‘ங்க’ போட்டுப் பேசுவது பிறின்சிக்கு ஒரு மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் வாசிகசாலை ஜன்னலால் உள்ளே எட்டிப் பார்த்தாள். மட்டையில் நாற்பத்து மூன்று வசனங்களும் வரிசையாக இருந்தன. ‘கடல் பக்கம்... கடல் பக்கம்... கோயில் பக்கம்...’ ஒவ்வொன்றும் தன் தெருவில் கதைக்கிற மாதிரியே இருந்தது. இந்த ஊரில் பிறக்காதவர்களுக்கு அதில் ஒரு வசனம்கூட இல்லை.

‘எழுதியவர்: பிறின்சி.’

முதல் முறையாக அந்த எழுத்து இன்னும் சின்னதாக இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் அக்காவிடம் கேட்டாள்.

“அக்கா, நண்டுக்கு எல்லாரும் கதைக்கிறதும் விளங்கிற மாதிரிச் செய்யேலாதோ?”

துசாந்தினி அக்கா பெருமூச்சு விட்டாள். “செய்யலாம். நண்டு பேச்சை விளங்கிக்கொள்ளுறதுக்கு உள்ளுக்கு ஒரு லைப்ரரி இருக்கு.”

“நண்டுக்குள்ளயும் புத்தகமோ?” என்று டிலுக்சன் ஓடி வந்தான்.

“புத்தகம் இல்லையடா. வேற ஆக்கள் முன்னமே எழுதி வைச்ச புரோகிராம். நாங்கள் இரவல் எடுத்துப் பாவிக்கிறம், அதுதான் லைப்ரரி. எங்கட நண்டில இருக்கிறது பழசு. சொல்லிக் குடுத்த வசனம் மட்டும்தான் தெரியும். இப்ப புதுசு வந்திருக்கு. அது வசனத்தைப் பார்க்காது, கருத்தைப் பிடிக்கும். எந்த ஊர்ப் பேச்சு எண்டாலும் பெரும்பாலும் விளங்கும்.”

“அப்ப அதைப் போடுங்கோவன்!”

“அங்கதான் பயம்” என்றாள் அக்கா. “நண்டின்ர சில்லை ஓட்டுற புரோகிராம் பழைய லைப்ரரிக்கெண்டு எழுதினது. புதுசோட ஒத்துப்போகுமோ தெரியாது. நான் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கொழும்புக்குப் போறன். இனி மாதத்தில ஒருக்கால்தான் வருவன். குழப்பிப்போட்டுப் போனா, ஆர் திருத்துறது?”

“வேண்டாம் அக்கா!” என்றான் டிலுக்சன். ஓடிப்போய் நண்டை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான். “எங்களுக்கு விளங்குதுதானே! நல்லா ஓடுறதை ஏன் கிண்டுவான்?”

“உனக்கு விளங்குது” என்றாள் பிறின்சி. “கிருசாந்தினி இப்ப கதைக்கிறதே இல்லை. பள்ளிக்கூடத்திலயும் இல்லை.”

நண்டைக் கட்டியிருந்த டிலுக்சனின் கை கொஞ்சம் தளர்ந்தது.

“பழைய நண்டை அப்பிடியே ஒரு பிரதி எடுத்து வைக்கேலாதோ, அக்கா? பிழைச்சா அதைத் திருப்பிப் போடலாம்” என்றாள் பிறின்சி.

அக்கா அவளை ஒரு கணம் பார்த்தாள். “எடுக்கலாம். நாளைப் பின்னேரத்துக்குள்ள சரிவராட்டிப் பழசைத்தான் போடுவன். சரியோ?”

“ஓம்!”

பழைய புரோகிராம் முழுவதையும் நகத்தளவு மெமறி காட் ஒன்றில் பிரதி எடுத்தார்கள். அக்கா அதை ஒரு கடித உறையில் போட்டு, ‘பழைய நண்டு’ என்று எழுதி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். திறப்பை டிலுக்சன் வாங்கித் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு புதிய லைப்ரரியை ஏற்றினார்கள்.

“நண்டு, அந்தக் கதைப் புத்தகம் கிடக்கிற பெட்டியைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வாறியோ?” என்றாள் பிறின்சி. அது மட்டையில் இல்லாத வசனம்.

“விளங்குது!” என்றது நண்டு உற்சாகமாக.

எல்லோரும் கைதட்டினார்கள். நண்டு அசையவில்லை.

“நண்டு, பெட்டி!”

“விளங்குது!”

“கெதியா வா!”

“விளங்குது!”

“வாய் மட்டும்தான் வேலை செய்யுது” என்றான் டிலுக்சன். “எங்கட அண்ணாவைப் போல.”

அக்கா கணினித் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தாள். “பயந்தது சரிதான். பழைய லைப்ரரி, வசனத்தின்ர இலக்கத்தைச் சில்லுக்குச் சொல்லும். ஏழாம் வசனம் எண்டா, ‘ஏழு’. சில்லுகள் ஏழாம் வேலையைச் செய்யும். புதுசு இலக்கம் சொல்லாது. ‘என்ன வேணும்: பெட்டி. எந்தப் பக்கம்: கடல். எத்தினையாவது: ரெண்டு’ எண்டு பிரிச்சுச் சொல்லும். சில்லுக்கு அது விளங்காது. தலைக்கு விளங்குது, காலுக்கு விளங்கேல்லை.”

“கால் புரோகிராமையும் புதுசா எழுதுங்கோவன்.”

“எழுதலாம். ஒரு மாதம் வேணும்.”

அன்று பின்னேரம் டிலுக்சன் திறப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

சனிக்கிழமை காலை. பிறின்சி அம்மாவுக்குத் தேநீர் கொண்டுபோனாள். அம்மாவுக்கு வேலை கரையில். வள்ளங்கள் வந்ததும் மீனைத் தெரிந்து பிரித்து, வெளியூர் லொறிகளில் ஏற்றிவிடுவார்.

கரையில் ஒரே சத்தம். குளிர்சாதன லொறி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. வள்ளக்காரர் சிங்கராசா இரண்டு கைகளையும் வீசிக் கத்தினார்.

“கோயில் பக்கம் வெட்டு! கோயில் பக்கம்! ஐயோ, வலையில ஏறப் போறான்!”

சாரதி சிங்களவர். தலையை வெளியே நீட்டி அவரும் ஏதோ கத்தினார். சிங்கராசா இன்னும் பலமாகக் கத்தினார். சத்தம் கூடினால் மொழி விளங்கிவிடும் என்று இருவருமே நினைத்தார்கள் போல.

அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். நேரே லொறிக் கதவடிக்குப் போனார். சாரதி பார்க்கிற பக்கமே தானும் பார்த்து நின்றார்.

“வமட்ட, மல்லி, வமட்ட” என்று, ‘இடப்பக்கம், தம்பி’ என்பதைச் சிங்களத்தில் சொல்லி, இடது கையைக் காட்டினார்.

லொறி இடப்பக்கம் வளைந்து, வலையில் படாமல் அழகாக வந்து நின்றது. சாரதி சிங்களத்தில் ஏதோ சொன்னார். அம்மா சிங்கராசாவிடம் திரும்பினார்.

“ஐஸை முதல்ல இறக்கட்டாம், அண்ணை. மீனைப் பிறகு ஏத்தலாமாம்.”

“அதைத்தானே நானும் சொல்லுறன்!” என்றார் சிங்கராசா.

பிறின்சி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அம்மா சிங்கராசாவுக்குச் சிங்களம் படிப்பிக்கவில்லை. சாரதிக்குத் தமிழ் படிப்பிக்கவில்லை. இருவரும் அவரவர் பேச்சையே பேசினார்கள். அம்மா நடுவில் நின்றார். அவ்வளவுதான்.

“என்ன பிள்ளை, தேத்தண்ணி ஆறுது” என்றார் அம்மா.

“அம்மா, நான் துசாந்தினி அக்காட்டைப் போறன்!”

“தேத்தண்ணியையாவது தந்திட்டுப் போவன்!”

அக்கா வீட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, காலை மாத்த வேண்டாம். தலையையும் மாத்த வேண்டாம்” என்றாள் பிறின்சி மூச்சு வாங்க. “நடுவில ஒரு ஆளை வைப்பம். தலை சொல்லுறதைக் கேட்டு, அது எத்தினையாம் இலக்கம் எண்டு காலுக்குச் சொல்லுற ஆள்.”

அக்காவின் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது. “நடுவில ஒரு சின்னப் புரோகிராம்... அட! நான் காலையே பார்த்துக்கொண்டிருந்திட்டன்.” சட்டையைப் பெட்டிக்குள் எறிந்தாள். “ஆனா அட்டவணை நீதான் எழுதோணும். நாற்பத்து மூண்டு வசனமும் உன்ரதுதானே.”

பிறின்சி வாசிகசாலையில் தன் கதிரையில் இருந்து கொப்பியில் கோடு போட்டாள். ஒரு பக்கம், தலை சொல்லும் கருத்து. மறுபக்கம், காலுக்குத் தெரிந்த இலக்கம். டிலுக்சன் இலக்கங்களை வாசித்தான். ‘வலது’ என்ற சொல் வந்ததும் பிறின்சி தன் வலது கையைப் பார்த்தாள். அது கோயில் பக்கம் இருந்தது. ‘வலது என்றால் கோயில் பக்கம்’ என்று எழுதினாள். அக்கா எல்லாவற்றையும் கணினியில் தட்டினாள்.

“இந்தப் புரோகிராமுக்கு என்ன பெயர் வைக்கிறது?”

“எடித்” என்றாள் பிறின்சி.

“எடித் மாமி” என்று திருத்தினான் டிலுக்சன். “மரியாதை வேணும்.”

முதலில் அவன்தான் பரிசோதித்தான். “நண்டு, கடல் பக்கம் ரெண்டாவது பெட்டியைக் கொண்டு வா.” நண்டு போனது, கொண்டு வந்தது. “டேய் நண்டு, அந்தக் கோயில் பக்கத்துக் கடைசிப் பெட்டி கிடக்கெல்லே, அதை ஒருக்கால் தூக்கிக்கொண்டு வாவன்ரா.” அதற்கும் போனது, கொண்டு வந்தது. பழைய வசனமும் சரி, புதுப் பேச்சும் சரி.

பிறின்சி கிருசாந்தினியின் வீட்டுக்கு ஓடினாள்.

“நண்டை மாத்தியிருக்கிறம். சரியோ எண்டு எங்களுக்குத் தெரியாது. நீ வந்து சொல்லிப் பாத்தாத்தான் தெரியும்.”

“நா பேசினா சிரிப்பாங்க.”

“நீ வராட்டி அக்கா பழைய நண்டைத்தான் திருப்பிப் போடுவா. இண்டைக்குத்தான் கடைசி நாள். எங்களுக்கு உன்ர பேச்சு வேணும், கிருசாந்தினி. எங்களிட்ட அது இல்லை.”

கிருசாந்தினி தங்கச்சியைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வாசிகசாலையில் அவள் முன்பு இருந்த அதே கதிரையில் இருந்தாள். பாம்புப் புத்தகம் அதே இடத்தில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

“நண்டு... சோத்தாங்கைப் பக்கம் இருக்கிற ரெண்டாவது பொட்டிய கொண்டாங்க.”

“விளங்குது!” என்றது நண்டு.

கிருசாந்தினியின் முகம் விரிந்தது. நண்டு விர்ரென்று கிளம்பியது. கோயில் பக்கம் போனது. கணக்குப் புத்தகப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தியது.

விரிந்த முகம் சுருங்கிவிட்டது. அவள் கதிரையைப் பின்னால் தள்ளினாள்.

“இரு!” என்றாள் பிறின்சி. “நீ சொன்னது சரி. பிழை எங்கேயோ எங்களிட்ட. போகாதை!”

அவள் மேசையைச் சுற்றி ஓடிவந்து கிருசாந்தினிக்குப் பக்கத்தில் இருந்தாள். தன் வலது கையை நீட்டினாள். கை நேரே கடல் பக்கம் போனது. பாம்புப் புத்தகப் பெட்டியைக் காட்டியது.

“ஐயோ! நான் என்ர கதிரையில இருந்தெல்லோ எழுதினனான்! அந்தப் பக்கம் இருந்தா வலது கை கோயில். இந்தப் பக்கம் இருந்தா வலது கை கடல்!”

டிலுக்சன் தன் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தான். எழும்பித் திரும்பி நின்று மறுபடி பார்த்தான். “ஓமடா! கை மாறுது!” என்றான், தன் கையே தன்னை ஏமாற்றிவிட்டது போல.

“இப்ப நண்டுக்கு எப்படித் தெரியும், ஆர் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு இருக்கினம் எண்டு?” என்றாள் அக்கா. கடிகாரத்தைப் பார்த்தாள். “பிள்ளையள், நேரம் போகுது. பழசைப் போடுவமோ?”

டிலுக்சன் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டான். திறப்பை எடுக்கவில்லை. பிறின்சியைப் பார்த்தான்.

பிறின்சி காலையில் பார்த்ததை மறுபடி நினைத்தாள். சிங்கராசா நின்ற இடத்தில் நின்றே கத்தினார். அம்மா கத்தவில்லை. கதவடிக்குப் போய், சாரதி பார்க்கிற பக்கமே பார்த்து நின்றார். நடுவில் நின்றது மட்டும் போதவில்லை.

“அக்கா, நண்டு முதல்ல கதைக்கிற ஆளுக்குப் பக்கத்தில வரட்டும். வந்து, அவை பாக்கிற பக்கமே பாத்து நிக்கட்டும். அப்ப அவையின்ர வலது கைதானே நண்டின்ரயும் வலது கை?”

அக்கா கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். “குரல் எங்கேயிருந்து வருதெண்டு நண்டுக்கு ஏற்கனவே தெரியும். கதிரை ரெண்டே வரிசைதான். இந்த வரிசை எண்டா இப்பிடிப் பாக்கோணும், அந்த வரிசை எண்டா அப்பிடி...” சொல்லிக்கொண்டே தட்டத் தொடங்கினாள்.

அரை மணித்தியாலம் போனது. அந்த நேரத்தில் டிலுக்சன் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, கிருசாந்தினியின் மறுபக்கம் போட்டு இருந்தான்.

“இங்க இருந்து பாத்தா எல்லாம் மாறித்தான் தெரியுது” என்றான். பிறகு, “அண்டைக்கு நான் கதிரையில இருந்து விழுந்ததுக்கு நீ சிரிச்சிருக்கலாம். நல்ல விழுகை” என்றான்.

கிருசாந்தினி சிரிக்கவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சரி” என்றாள் அக்கா. “கடைசித் தரம்.”

கிருசாந்தினி இந்த முறை தொண்டையைச் செருமவில்லை.

“நண்டு, சோத்தாங்கைப் பக்கம் இருக்கிற ரெண்டாவது பொட்டிய கொண்டாங்க.”

நண்டு திரும்பியது. மேசையைச் சுற்றி ஊர்ந்து வந்தது. அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, மெல்லத் திரும்பி, அவள் பார்க்கிற பக்கமே தானும் பார்த்தது. இருவரும் ஒரே ஜன்னலால் வெளியே பார்ப்பவர்கள் போல ஒரு கணம் அப்படியே இருந்தார்கள்.

“விளங்குது” என்றது நண்டு.

கடல் பக்கம் போனது. இரண்டாவது பெட்டியைக் கொக்கியில் மாட்டியது. பாம்புப் புத்தகம் மேலே ஆடி ஆடி வந்தது.

டிலுக்சன் கத்திய சத்தத்தில், கரையில் நின்ற எடித் அம்மாவே என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். விசயத்தைக் கேட்டதும், “என்ர பெயரையோ றோபோவுக்கு வைச்சனியள்? ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நல்ல பெயரா ஒண்டு சொல்லியிருப்பனே!” என்றார். ஆனால் போகும்போது நண்டின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போனார்.

டிலுக்சன் திறப்பை அக்காவிடம் கொடுத்தான். “உறை அங்கேயே கிடக்கட்டும், அக்கா. பழைய நண்டு பாவம், நல்லா நித்திரை கொள்ளட்டும்.”

கிருசாந்தினி புத்தகத்தைத் திறந்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தவுடனே அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

“நண்டு, இங்க பாருங்க. இது சாரைப் பாம்பு. எங்க வயல்ல நெறைய இருக்கும். கடிக்காது.”

“விளங்குது” என்றது நண்டு.

“இது தண்ணிப் பாம்பு. எங்கப்பா ஒரு நாளு இத கயிறுன்னு நெனச்சு வாளியில கட்டப் போனாரு!”

பிறின்சி வாய்விட்டுச் சிரித்தாள். டிலுக்சனும் சிரித்தான். கிருசாந்தினி நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் சிரித்தது பாம்பைக் கட்டப் போன கதைக்கு என்று தெரிந்ததும் அவளும் சிரித்தாள்.

“பிறகு என்ன நடந்தது?” என்று டிலுக்சன் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தான்.

அவள் சொன்னாள். அடுத்த பக்கத்துக்கும் ஒரு கதை இருந்தது. அதற்கடுத்த பக்கத்துக்கும் இருந்தது. நண்டு பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றுக்கும் “விளங்குது” சொல்லிக்கொண்டிருந்தது.

வழக்கமாக இரண்டு நாள் ஓடும் நண்டின் பற்றரி அன்றைக்கு ஐந்து மணிக்கே தீர்ந்துபோனது. கிருசாந்தினி அப்போதுதான் இருபதாம் பக்கத்துக்கு வந்திருந்தாள்.